சேரராஜா எங்கள் கட்டுத்தாரையில் வடக்கிருந்த வரலாறு

வடகரப்பதி,
17-3-1974, ஞாயிறு.

ஏலப்பாறையில் மளிகைக் கடை நடத்திவரும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் கந்தப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பூவாத்தாளைக் கைப்பிடித்த நாள் முதலாகத் தங்களுக்கு அடங்கி நடந்துவரும் அர்த்தநாரி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அங்கே குளிரும் மழையும் அதது அளவோடு இருக்கும் என்றும், தங்கள் முழங்கால் வலி தைலத்துக்கு மரியாதை கொடுத்துக் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இவ்விடம் நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகளும் என் ஒரே மகளுமான பழனாத்தாள், அவள் காதுகுத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த எருமை ஆகிய நால்வரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். உண்மையில் நால்வரில் மூவர் பட்டினி. நாலாவது ஆள் வைக்கோலை நன்றாகத் தின்றுவிட்டுப் பால் கொடுக்க மறுக்கிறது.

விஷயம் இதுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் வெண்ணி என்கிற ஊரில் இரண்டு ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள். அதனால் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வடகரப்பதியில் என் வீட்டு அடுப்பு எரியவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்பீர்கள். பொறுமையாகப் படிக்கவும். படித்து முடித்ததும் இதற்கெல்லாம் முதல் காரணம் தாங்கள்தான் என்பது விளங்கும்.

தாங்கள் பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து வாங்கிவந்த அந்தக் கன்று இப்போது ஊரிலேயே பெரிய எருமை. 'மாமன் எருமை' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். யார் கொடுத்தது என்பதற்காக வைத்த பெயர். குணத்தைப் பார்த்து வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு பழக்கம். பூவாத்தாள் மடியில் கைவைத்தால் உதைக்கும். பழனாத்தாள் கழுத்துப் பக்கம் நின்று எதையாவது பேசிக்கொண்டே சொறிந்துகொடுத்தால்தான் பால் இறக்கும். காலையிலும் அவள் நிற்க வேண்டும், மாலையிலும் அவள் நிற்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமோ நாலாம் வகுப்போடு முடிகிறது. ஐந்தாவது படிக்கக் கொழிஞ்சாம்பாறைக்கு பஸ்ஸில் போகவேண்டும். அந்த பஸ் வருவது சரியாகப் பால் கறக்கிற நேரம். ஆகவே குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் ஒரு முடிவு எடுத்தேன். படித்தது போதும், நாலாவதோடு நின்றுகொள்ளட்டும். எருமை ஒன்றாவது கூடப் படிக்கவில்லை, அது குடும்பத்தைக் காப்பாற்றவில்லையா? இதைச் சொன்னபோது பழனாத்தாள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பெண்கள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் வந்தது பள்ளிக்கூட ஆண்டு விழாவான வார்ஷிகம். எங்கள் வாத்தியார் துரைசுவாமி கல்பாத்திக்காரர், தினமும் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார். குடையை மறந்துவைப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாத மனுஷர். கும்மி, கோலாட்டம் என்று வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவருக்குச் சரித்திரம் வந்துவிட்டது. வெண்ணிப் போரைக் குழந்தைகளுக்குப் புரிகிற மாதிரி நாடகமாக எழுதிவிட்டார். ஒரு பக்கம் சோழன் கரிகாலன், இன்னொரு பக்கம் சேரன் பெருஞ்சேரலாதன். சோழன் எறிந்த வேல் சேரனுடைய மார்பில் நுழைந்து முதுகில் வந்துவிடுகிறது. முதுகில் புண் பட்டது வெட்கக்கேடு என்று சேரன் கையில் வாளோடு வடக்கே பார்த்து உட்கார்ந்து, சோறில்லாமல் உயிரை விடுகிறான். வடக்கிருத்தல் என்று அதற்குப் பெயராம். ஜெயித்தவன் சோழன்தான், ஆனால் அன்றைக்கு நாலு பேர் பெரிதாகப் பேசியது தோற்றவனைத்தான் என்று வாத்தியார் சொல்கிறார். நாலு பேருக்கு எந்தக் காலத்திலும் இதே வேலை.

பஞ்சாயத்து மெம்பர் மகன் சின்னையன்தான் கரிகாலன் என்பது நாடகம் எழுதுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. சேரனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தோற்கிற ராஜா, அதிலும் முதுகில் குத்து, அதற்கு மேல் சோறும் கிடையாது என்றால் எந்தப் பையன் வருவான்? போதாததற்கு மெம்பரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, நாம இருக்கறது கேரளம். சேரன் நம்ம ராசா. நம்மூர்ப் பள்ளிக்கூடத்துலயே நம்ம ராசா தோக்கோணுமுங்களா? கல்வி ஆபீசர் வேற வர்றாரு. இந்த ஒருக்கா மட்டும் அவரு கெலிச்சுட்டுப் போகட்டுமுங்க."

"அப்படீன்னா ஒங்க பையனே சேரனா இருக்கட்டும்."

மெம்பர் தாடையைத் தடவினார். "அவன் சோழனாவே இருக்கட்டுங்க. ரெண்டு பேருமே கெலிக்கற மாதிரி எழுதிப்போடுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். "கேட்டேளா, இது ஆளியாத்துத் தண்ணி இல்லையாக்கும், ரெண்டு சர்க்காரும் ஒக்காந்து பங்கு போட்டுக்கறதுக்கு. நடந்து ரெண்டாயிரம் வருஷமாச்சு. மாத்தி எழுத நேக்கு அதிகாரம் கெடையாது."

அப்போது வகுப்பில் எழுந்து நின்று, "நான் சேரனா இருக்கறனுங்க சார்" என்று சொன்னது யார் என்று தாங்களே ஊகித்திருப்பீர்கள். "பொட்டப்புள்ளை ராசாவாட்டம் நிக்க முடியுமாக்கும்?" என்று சின்னையன் கேட்டிருக்கிறான். "நீ வந்து மாமன் எருமைகிட்ட ஒரு நேரம் நின்னு பாரு, அப்பறம் பேசலாம்" என்றாளாம் இவள்.

அன்றைக்குச் சாயங்காலம் கட்டுத்தாரையில் பால் கறக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். பூவாத்தாள் கறக்கிறாள், இவள் எருமைக் கழுத்தைச் சொறிகிறாள், நான் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகத் தூக்குப்போசியோடு நிற்கிறேன். தப்பித்துப் போக வழியில்லை.

"ஏனுங்கப்பா, அவங்க ரெண்டு பேரும் எதுக்குங்க சண்டை போட்டாங்க?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் தகப்பன் மரியாதை என்ன ஆவது? "ராசாக்களுக்குப் பண்ணையம் இல்லை அம்மிணி. காத்தால எந்திரிச்சாத் தண்ணி கட்டற வேலை இல்லை, களை வெட்டற வேலை இல்லை. சும்மா குந்தியிருந்தாக் கை ஊறும். அதுக்குத்தான் பக்கத்து நாட்டுக்காரன்."

"எதுக்குங்க பக்கத்து நாட்டுக்காரன்?"

"தூரத்து நாட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கட்டுச்சோறு கெட்டுப் போகுமில்ல."

இதை எந்தப் பாடத்திலும் போட மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், தப்பு என்று சொல்ல முடியாது.

"வேலு மாருல குத்தி முதுகுல வந்துச்சுன்னா அது மாருப்புண்ணுங்களா, முதுகுப்புண்ணுங்களா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப மாருல இருக்கற ஓட்டையைக் காட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்திருக்கலாமுல்லீங்க?"

"நானா இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன். முதுகுல ஒரு துண்டைப் போத்திக்கிட்டு வந்திருப்பேன். ராசாவுக்குத் துண்டு போடற பழக்கம் இல்லியே."

"செரிங்க, அதுக்கு எதுக்குங்க உண்ணாமக் குந்தோணும்?"

இந்த இடத்தில்தான், மச்சான், என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. மானம், ரோஷம் என்பதையெல்லாம் பத்து வயசுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? கேரளத்தில் பிறந்த பிள்ளை. பாலக்காட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆபீஸ் வாசல்களில் ஓலைப் பந்தல் போட்டு, பாய் விரித்து, மாலையைப் போட்டுக்கொண்டு ஆட்கள் பட்டினி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆகவே, "நிராகார சமரம் இருக்கறாங்கல்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்கோ" என்றேன்.

உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"அப்ப சேரனோட ஆவசியம் என்னங்க?"

"என்ன ஆவசியம்?"

"சமரமுன்னா இன்னின்ன வேணுமுன்னு ஆவசியத்தை எழுதி முன்னால மாட்டியிருப்பாங்கல்லீங்க. சேரன் என்ன கேட்டாரு? கெடைச்சுதுங்களா? சமரத்தை முடிக்க எலுமிச்சம்பழம் புழிஞ்சு நாரங்காத் தண்ணி யாருங்க குடுத்தது?"

பால் சொசைட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சோழன் பேச்சுவார்த்தைக்கே வரலை. அதனாலதான் செத்துப்போனாரு" என்றேன்.

"வந்திருந்தா?"

"வந்திருந்தா ஒத்துதீர்ப்பு ஆகி, எந்திரிச்சுச் சோறு உண்டிருப்பாரு. உண்ணாமக் குந்துன ஆளுக்கு எதுத்தாப்பல எவனும் ரொம்ப நேரம் நிக்க முடியாது அம்மிணி. அது நம்மூர்ல அல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்." இப்படிச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு நல்ல விஷயம் சொல்லிக்கொடுத்த திருப்தியோடு போசியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பூவாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தங்கள் தங்கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளையும் கட்டுத்தாரையில் ஒத்திகை. அட்டைக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு, எருமைக் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு வசனம் சொல்வாள். "சோழனே, உன் வேல் என் மார்பில் நுழைந்தது. முதுகில் வெளிவந்தது வேலின் குற்றம், வீரனின் குற்றமன்று. ஆயினும் புண் புண்ணே. நான் வடக்கு நோக்கி அமர்கின்றேன். இனி எழமாட்டேன்." சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் சாய்வாள். சாய்ந்த மறு நிமிஷம் பால் சர்ரென்று இறங்கும். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எருமைக்கும் ஆகிவிட்டது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்று வார்ஷிகம். கல்வி ஆபீசர் வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மெம்பர். சேரனுக்கு ஒரு யானை வேண்டும் என்று வாத்தியார் கேட்டதால், ஊரில் கறுப்பாகவும் பெரிதாகவும் வசனத்துக்குப் பழக்கப்பட்டதாகவும் இருந்த ஒரே பிராணியை ஓட்டிக்கொண்டு போயிருந்தோம். சாக்கைச் சுருட்டி மூஞ்சியில் கட்டித் தும்பிக்கை என்றார்கள். மேடைக்குப் பக்கத்தில் கட்டின கொஞ்ச நேரத்தில் அது சாக்கை உதறிவிட்டு, பழைய வேட்டியில் புலி எழுதிக் கஞ்சிப்பசை போட்டு விறைப்பாக நிறுத்தியிருந்த சோழக் கொடியைத் தின்றுவிட்டது. அந்தக் கணக்குப்படி போர் ஆரம்பிப்பதற்கு முன்பே சேரன் ஜெயித்தாயிற்று. கரிகாலனுக்குக் கால் கருகியிருக்க வேண்டும் என்று சின்னையனுக்குக் கரி பூசியிருந்தார்கள். முதல் காட்சியில் வலது கால் கறுப்பு. இரண்டாம் காட்சிக்கு யாரோ இடது காலிலும் பூசிவிட்டார்கள். மூன்றாம் காட்சியில் வியர்வையில் கரைந்து இரண்டுமே வெளுத்துவிட்டது. கைதட்டல் மட்டும் குறையவில்லை, மெம்பர் மகன் அல்லவா?

வேல் மார்பில் பாய்ந்து முதுகில் வந்ததைக் காட்டுவதற்கு வாத்தியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தார்க்குச்சியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை முன்னாலும் ஒரு பாதியைப் பின்னாலும் பழனாத்தாள் உடம்பில் சணல் கயிற்றால் கட்டி, மேலே துணியைப் போர்த்தியிருந்தார். சோழன் வேலை ஓங்கியதும் துணியை உதற வேண்டும். உதறினாள். முன்பாதி சரியாக நின்றது. பின்பாதி கயிறு நழுவி இடுப்புக்குக் கீழே இறங்கி வாலாக ஆடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மெம்பர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை அழுதுவிடும், ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்துவிட்டேன். அவள் அழவில்லை. வாலைப் பிடிக்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். ஒவ்வொருவராகச் சிரிப்பு அடங்கி, கடைசியில் மெம்பரும் துண்டை எடுத்த பிறகுதான், "சோழனே" என்று ஆரம்பித்தாள். மச்சான், தங்களிடம் மறைப்பானேன், என் பிள்ளை என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும், இருந்தும் சொன்னேன்.

அந்தப் பெருமையை முழுசாக அனுபவிக்க விட்டார்களா? வசனத்தை முடித்து அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் மாமன் எருமைக்கு வேளை வந்துவிட்டது. காம்பிலிருந்து பால் சொட்ட ஆரம்பித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பூவாத்தாளுக்குப் பால் மண்ணில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வருமா? ஆபீசருக்குத் தண்ணீர் வைத்திருந்த செம்பை எடுத்துக் கொட்டிவிட்டு நேராகப் போய் எருமைக்கடியில் குந்தினாள். மேலே சேரராஜா குத்துப்பட்டுச் சாகிறார், கீழே அவருடைய யானையைத் தங்கள் தங்கை கறந்துகொண்டிருக்கிறாள். கல்வி ஆபீசர் குனிந்து வாத்தியாரிடம், "இது சரித்திரத்தில் உள்ளதாணோ மாஷே?" என்று கேட்டார். வாத்தியார் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பழனாத்தாள் நிமிர்ந்து வடக்கே பார்த்து உட்கார்ந்தாள். திரையை மூடினார்கள். எல்லோரும் கைதட்டினோம். பரிசு கொடுப்பதற்காகத் திரையைத் திறந்தார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். "நாடகம் ஆச்சு கொழந்தே, எழுந்திரு" என்றார் வாத்தியார். எழவில்லை. சின்னையன் கையைப் பிடித்து இழுத்தான்; வாளால் ஒன்று வைத்தாள். ஆபீசரே மேடையேறி வந்து, "மோள்க்கு எந்தா வேண்டது?" என்று கேட்டார். நல்ல மனுஷர், பிரியமாகத்தான் கேட்டார்.

"அஞ்சாங் கிளாசுங்க" என்றாள் பழனாத்தாள். "கொழிஞ்சாம்பாறை. அப்பா டி.சி.யில கையெழுத்துப் போடோணுமுங்க. போடற வரைக்கும் உண்ண மாட்டேன், எந்திரிக்கவும் மாட்டேன்."

அந்த மைதானத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. எருமையும் பார்த்தது. "ஊட்டுல போய்ப் பேசிக்கலாம் அம்மிணி" என்றேன். "பேச்சுவார்த்தையா, கையெழுத்துங்களா?" என்றாள். கல்வி ஆபீசர் முன்னால் நான் வேறு என்ன சொல்வது? பள்ளிக்கூடத்து பெஞ்சோடு சேர்த்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஒவ்வொரு வளைவிலும் பெஞ்சின்மேல் திரும்பித் திரும்பி வடக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நான் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் வர மாட்டேன், கட்டுத்தாரையில்தான் சமரம் என்றாள். பெஞ்சைத் தெற்கோரத்தில் போட்டோம். அவளுக்கு நேர் வடக்கே மாமன் எருமை நிற்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம், சமரத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று அவளே சொன்னதால் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். 'மகள் உண்ணாமல் எனக்கு எதற்குச் சோறு' என்று பூவாத்தாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஆக, நானும் பட்டினி. மூன்று பேர் உண்ணாமல் இருக்கிறோம், கோரிக்கை ஒருத்திக்குத்தான். இன்று காலை பசி தாங்காமல் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாழைப்பழம் தின்றேன். தோலை ஜன்னல் வழியாக எறிந்தேன். வெளியே பூவாத்தாள் நின்றிருக்கிறாள்.

இதற்குள் ஊருக்குச் செய்தி பரவி, காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கள்ளு இறக்குகிற யூனியன்காரர்கள் ஊர்வலமாக வந்து, பழனாத்தாளுக்குச் செம்பருத்தி மாலை போட்டு, "அபிவாத்தியங்கள், அபிவாத்தியங்கள்" என்று வாழ்த்துக் கோஷம் போட்டு, என் கட்டுத்தாரையில் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "யாருக்கு எதிராங்க சமரம்?" என்று கடைசியில் வந்த ஒருவர் என்னிடமே கேட்டார். "எனக்கு எதிராத்தானுங்க" என்றேன். "அப்படீங்களா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றார். வாத்தியாரும் வந்தார். டி.சி. தாளை எழுதியே கொண்டுவந்திருந்தார். "நான் நாடகம் மட்டுந்தான் எழுதினேன், கேட்டேளா. நிராகார சமரம்னு சொல்லிக்குடுத்தது யார்னு நேக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போனார்.

எருமை நேற்று மேடையில் கொடுத்ததோடு சரி. பழனாத்தாள் சமரத்தில் இருப்பதால் கழுத்தைச் சொறிவதில்லை, வசனமும் சொல்வதில்லை. மடி கல்லுமாதிரி இருக்கிறது. கிட்டப் போனவர்களையெல்லாம் உதைக்கிறது. சொசைட்டியில் கேட்டார்கள், சரித்திரத்தால் பால் இல்லை என்று சொல்லவா முடியும்?

ஏன் இந்தப் பிடிவாதம், கையெழுத்தைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று தாங்கள் நினைக்கலாம். போட்டால் எருமையை யார் பார்ப்பது என்பது ஒன்று. இன்னொன்றையும் தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பஸ் ஏறிப் போகிற பிள்ளை அப்படியே போய்க்கொண்டே இருக்கும், மச்சான். ஐந்தாவது என்பாள், அப்புறம் பத்தாவது என்பாள், நாளைக்கு அந்த ஆபீசர் மாதிரி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். அப்போது கட்டுத்தாரையில் நின்றுகொண்டு 'ஏனுங்கப்பா' என்று என்னிடம் யார் கேள்வி கேட்பார்கள்? நான் சொல்கிற பதிலை இந்த ஊரில் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவள்தான். இப்போது முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டியது. தந்தி கொடுக்கலாம் என்றால் 'சேரன் பட்டினி, எருமை உதைக்கிறது, உடனே வா' என்று வந்தால் தாங்கள் என்னைப்பற்றி என்ன நினைப்பீர்கள்? தங்கள் கடைக்குக் காய்கறி ஏற்றிவரும் சிலுவைராஜின் லாரி நாளைக் காலை இங்கிருந்து புறப்படுகிறது. அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே லாரியில் ஏறித் திரும்பி வந்துவிடவும். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். படிப்பு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அல்லது தங்கள் எருமையை ஓட்டிக்கொண்டு போங்கள். எதைச் செய்தாலும் கையால் ஒரு தம்ளர் எலுமிச்சஞ்சாறு கொடுத்து எழுப்பிவிடுங்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவர வேண்டாம், வாங்கிவைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி; அவர்களுக்குச் சரித்திரம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருக்க மாரியாத்தாள் காப்பாற்றட்டும். தங்கள் கடையும் முழங்காலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் எருமைக்கும் கட்டுப்பட்ட
அர்த்தநாரி.

பின்குறிப்பு: திங்கள் காலை. மேலே எழுதியதில் வணக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. தாங்கள் வர வேண்டாம். சிலுவைராஜ் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். விடிந்ததும் எருமை மடிவலி தாங்காமல் கத்த ஆரம்பித்தது. பூவாத்தாள் கிட்டப் போனால் உதைக்கிறது. பழனாத்தாளைப் பார்த்தேன். அவள் எருமையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் எழவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, பெஞ்சில் கிடந்த அட்டைக் கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு, எருமைக் கழுத்தில் கையைப் போட்டு, "சோழனே" என்றேன். கத்தல் நின்றுவிட்டது. பூவாத்தாள் செம்போடு குந்தினாள். "முதுகில் வந்தது வேலின் தப்பு, என் தப்பில்லை" என்றேன். எருமை காலைத் தூக்கியது.

"குற்றமன்று," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வேலின் குற்றம், வீரனின் குற்றமன்று. செரியாச் சொல்லுங்கப்பா."

சரியாகச் சொன்னேன். கடைசிவரை சொல்லி முடித்தேன். பால் இறங்கவில்லை.

"உழுகோணுமுங்கப்பா. உழுந்தாத்தான் எறக்கும்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் விழுந்தேன். பால் இறங்கிவிட்டது. பழனாத்தாள் சிரித்தாள், மச்சான். சிரித்துவிட்டு, "அப்ப நான் நிக்காமயே கறக்குதுங்களே" என்றாள். வைக்கோலில் கிடந்தபடியே டி.சி.யில் கையெழுத்துப் போட்டேன். சாறு நான்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து சோறு கேட்டாள். பூவாத்தாள் அடுப்பு மூட்டியிருக்கிறாள், இங்கே வரைக்கும் வாசனை வருகிறது. கொடியைப் பிடுங்க வந்த யூனியன்காரர்கள் என் தலையில் கிரீடத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் பஸ்ஸில் போய்விடுவாள். அதற்கப்புறம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் தோற்க வேண்டியிருக்கும். நின்றுகொண்டு சொன்னால் எருமை ஒப்புக்கொள்வதில்லை. தாங்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் பால் கறக்கிற நேரத்தில் மட்டும் கூப்பிட வேண்டாம். கீழே கிடப்பேன்.